தலைப்பெழுத்தும் பாட எழுத்தும்



எழுத்துக்கு ஒலிவடிவம் ஒன்று, வரிவடிவம் ஒன்று என இரண்டு வடிவங்கள் உண்டு என்பதை இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த வரிவடிவத்திற்கும் ஒரு முகபாவம் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ‘வருக’ என்னும் ஒரு சொல்லை நீதிமன்ற வாயிலில் எழுதுவதற்கும், மழலையர் பள்ளியின் வாயிலில் எழுதுவதற்கும், திருமண மண்டபத்தின் வாயிலில் எழுதுவதற்கும் வேறுபாடு இருக்கிறதல்லவா? சொல் ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் முதலாவது நிமிர்ந்து நிற்கிறது, இரண்டாவது துள்ளுகிறது, மூன்றாவது அணிகலன் பூண்டு நிற்கிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவதே எழுத்தோவியனின் தொழில்.

எழுத்தை அதன் பயன் நோக்கி இரு வகையாகப் பிரிக்கலாம். நூலின் உள்ளே பக்கம் பக்கமாக ஓடும் எழுத்தைப் பாட எழுத்து என்போம். அட்டையிலும், பெயர்ப்பலகையிலும், சுவரொட்டியிலும் நின்று நம்மை அழைக்கும் எழுத்தைத் தலைப்பெழுத்து என்போம். பாட எழுத்து நல்ல கண்ணாடியைப் போன்றது. அதன் வழியாகப் பொருளைப் பார்க்கிறோமே தவிர, அதனை நாம் பார்ப்பதில்லை. தலைப்பெழுத்தோ தெருவில் கூவி விற்பவரின் குரலைப் போன்றது. அது முதலில் தன்னைக் கவனிக்கச் செய்து, பிறகு தன் செய்தியைச் சொல்லும். இந்தத் தலைப்பெழுத்துகளுள் ஒரு வகை விளையாட்டு எழுத்து. கையால் எழுதியது போன்ற நெகிழ்வும், பருத்த உடலும், உருண்ட முனையும் கொண்டு, குழந்தை ஓடி வருவதைப் போல நம் முன் வந்து நிற்பது அது.

நீங்கள் ஆவடியில் மின்சார ரயிலில் ஏறிச் சென்னை நோக்கிப் பயணம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். எல்லா நிலையங்களிலும் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அங்கே விளையாட்டு இல்லை, இருக்கவும் கூடாது. ஓடும் வண்டியிலிருந்து, மழையிலும் இருளிலும், கண் மங்கிய முதியவரும் ஒரே பார்வையில் படிக்க வேண்டிய எழுத்து அது. நிலையத்தை விட்டுக் கடைத்தெருவுக்குள் வாருங்கள். ரொட்டிக் கடையின் பெயர் பொங்கிய ரொட்டியைப் போலவே உப்பியிருக்கும். பொம்மைக் கடையின் எழுத்துகள் மேலும் கீழுமாக ஆடும். பனிக்கூழ்க் கடையின் எழுத்து உருகி வழியும். 1964ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் சென்றாலோ, பட்டறைகளின் பெயர்கள் சதுரமாகவும் கனமாகவும், இரும்பை அறுத்து வைத்தாற்போல் நிற்கும். எழுத்தைப் படிக்கத் தெரியாதவனும் இது இன்ன கடை என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அதுவே தலைப்பெழுத்தின் வெற்றி.

எழுத்தின் வடிவத்தைக் கருவியே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. பாறையில் உளியால் வெட்டிய பழந்தமிழ் எழுத்துகள் நேர்க்கோடுகளாக இருந்தன. பனையோலையில் எழுத்தாணியால் கீறியபோது, ஓலை கிழிந்துவிடாதபடி எழுத்து வளைந்து உருண்டது. ஓலையைத் துளைத்துவிடும் என்று எண்ணிப் புள்ளியையும் பலர் விட்டுவிட்டனர். பின்னர் ஈய அச்செழுத்து வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நிறுவியபோது, செர்மனியிலுள்ள ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. அந்த அளவில் ஒரு பெருநூலை அச்சிடக் காகிதம் போதாது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளைக்கூட அதற்காக உருக்கினர். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு என்னும் பாடத்தை நம் நாட்டு அச்சுத் தொழில் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்று.

ஈய எழுத்துகளில் பெரிய அளவுகள் சிலவே கிடைத்தன, வடிவங்களும் சிலவே. ஆகவே தமிழ் வார இதழ்கள் வளர்ந்தபோது தலைப்புகளை ஓவியர்களே கையால் எழுதினர். அதனை உலோகத் தகட்டில் அச்சுக்கட்டையாக்கிப் பாட எழுத்தோடு சேர்த்து அச்சிடுவார்கள். 1926இல் தோன்றிய ஆனந்த விகடன், 1941இல் தோன்றிய கல்கி, 1947இல் தோன்றிய குமுதம் ஆகிய இதழ்களின் பழைய தொகுதிகளை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். நகைச்சுவைக் கதையின் தலைப்பு சிரிக்கும். பேய்க் கதையின் தலைப்பு நடுங்கும். சரித்திரக் கதையின் தலைப்பு கல்வெட்டுப் போல் கம்பீரமாக அமர்ந்திருக்கும். 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது அதற்கு ஓவியம் தீட்டியவர் மணியம். மாலியும் கோபுலுவும் விகடனில் தீட்டிய சித்திரங்களை உங்கள் பாட்டனார்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். அத்தகைய பக்கங்களில் படமும் தலைப்பும் ஒரே தூரிகையில் பிறந்த உடன்பிறப்புகளாக விளங்கின.

இதழ்களில் ஓவியர் செய்ததைத் தெருவில் பலகை எழுதுவோர் செய்தனர். அவர்கள் வேலை செய்யும் முறையை நீங்கள் அறிந்துகொள்வது நலம். முதலில் பலகைக்கு அடிப்பூச்சுப் பூசிக் காய வைப்பர். பிறகு சுண்ணப்பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டி, மேல்கோடும் கீழ்கோடும் இடுவர். எழுத்துகளை எண்ணி, நடு எழுத்து எது என்று கண்டு, அங்கிருந்து இருபுறமும் இடத்தைப் பங்கிடுவர். தமிழில் இது எளிய கணக்கன்று. ‘ட’ ஒடுக்கமானது, ‘ணை’ அகலமானது, ‘கி’ கோட்டுக்கு மேலே செல்லும், ‘கு’ கோட்டுக்குக் கீழே இறங்கும். எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு இடம் விட்டால் சொல் உடைந்துவிடும். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும்படி இடம் விட வேண்டும். அளவுகோலுக்குச் சமமாக இருந்தால் போதாது. அதன் பின்னரே தட்டைத் தூரிகையால் எழுத்தின் உடலை எழுதி, ஒரு பக்கத்தில் நிழல் கொடுத்து முடிப்பர்.

எங்கள் ஆசிரியப் பயிற்சியிலும் கரும்பலகை எழுத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டு. கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு எழுத்து தெரிகிறதா என்று வகுப்பின் பின்புறம் சென்று நின்று பார்க்கச் சொல்வார்கள். எழுதியவன் இடத்திலிருந்து பாராமல் படிப்பவன் இடத்திலிருந்து பார்ப்பது தலைப்பெழுத்தின் முதல் விதி. இவ்விதியை வைத்துக்கொண்டு, விளையாட்டு எழுத்து எங்கே தவறக்கூடும் என்று ஆராய்வோம்.

தமிழில் சிறு கோடும் சிறு புள்ளியும் பொருளையே மாற்றிவிடும். ‘எ’ என்பதற்கும் ‘ஏ’ என்பதற்கும் உள்ள வேறுபாடு கீழே இழுக்கும் ஒரு கீற்றுதான். முற்காலத்தில் குறிலுக்குப் புள்ளி இட்டு நெடிலை வேறுபடுத்தினர்; புள்ளியை விட்டெழுதிய ஓலைகளில் இரண்டும் ஒன்றாகி மயக்கம் தந்தன. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைப் போக்கினார். இப்பொழுது ஓர் எழுத்தோவியன் அழகு கருதி அந்தக் கீற்றை வளைத்து உடலுக்குள் ஒளித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் ஏரி ‘எரி’ ஆகிவிடும். நீர் நிலை நெருப்பு நிலையாகிவிடும்! ‘ர’ என்னும் எழுத்தின் காலைச் சாய்க்காமல் விட்டால் அது துணைக்கால் ஆகி, ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று நிற்கும். ‘கௌ’ என்பதில் வரும் சிறகை ‘ள’ அளவுக்குப் பெரிதாக்கினால் கௌரவம் ‘கெளரவம்’ ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியைப் பூவாகவும் விண்மீனாகவும் எழுதலாம், அது அழகே. ஆனால் அப்பூ அலங்காரப் பூக்களோடு கலந்து, எது புள்ளி எது பூ என்று தெரியாமற் போனால் எழுத்து தன் கடமையில் தவறிவிட்டது.

1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதுவரை தனி வடிவில் எழுதப்பட்ட ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகள் ஏனைய எழுத்துகளின் நெறிக்கு வந்தன. மாணவனாக ஒரு வடிவத்தைக் கற்று, ஆசிரியனாக மறுவடிவத்தைக் கற்பித்த தலைமுறை என்னுடையது. பழைய ‘லை’யின் மேல் யானைத் துதிக்கையைப் போல் ஒரு சுழிப்பு இருக்கும். பலகை எழுதுவோருக்கு அத்துதிக்கை மிகவும் பிடித்தமானது. அதை நீட்டியும் சுருட்டியும் விளையாடுவார்கள். அது போனதில் அவர்களுக்குச் சிறிது வருத்தம் இருந்திருக்கலாம். ஆயினும் கற்கும் குழந்தைக்குச் சுமை குறைந்தது. விளையாட்டுக்கும் கல்விக்கும் போட்டி வந்தால் கல்வியின் பக்கம் நிற்பதே முறை.

ஏறத்தாழ 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நெகிழித் துணியில் கணினி வழியே அச்சிடும் முறை நம் ஊர்களில் பரவிற்று. அதனை ‘பிளக்ஸ்’ என்று எல்லாரும் அறிவர். சில மணி நேரத்தில், குறைந்த செலவில், எவ்வளவு பெரிய பலகையும் ஆயத்தமாகிவிடும். தூரிகை பிடித்தவர்களுக்கு வேலை குறைந்தது. என்னிடம் பயின்ற ஒருவர் பூவிருந்தவல்லியில் பலகை எழுதும் தொழில் செய்து வந்தார். இன்று கணினி வைத்துப் பலகை அடித்துக் கொடுக்கிறார். அவர் கடைக்குச் சென்றபோது ஒரு பழைய குறிப்பேட்டைக் காட்டினார். அவருக்குத் தொழில் கற்பித்த பெரியவரின் எழுத்துகள் அதில் இருந்தன. கொழுத்து உருண்டு, கன்னம் உப்பிய குழந்தைகளைப் போல் அவை காட்சியளித்தன. “இவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டேன். “ஐயா, பலகைக்கு வேண்டிய எழுத்துகள் மட்டுமே இதில் இருக்கின்றன. ‘ஞூ’ எழுதும்படி எந்தக் கடைக்காரரும் எங்களைக் கேட்டதில்லை” என்றார் அவர்.

அந்த விடையில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பலகை எழுதுபவர் ஒரு சொல்லை எழுதுகிறார். எழுத்துரு படைப்பவரோ இதுவரை எவரும் எழுதாத சொல்லுக்கும் எழுத்து ஆயத்தம் செய்ய வேண்டும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று; ஆக 247. துணைக்கால், கொம்பு முதலியவற்றைப் பொதுவில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் உகர ஊகார வரிசையில் எழுத்தின் உடலே மாறிவிடுவதால், அவ்விரண்டு வரிசைகளுக்கு மட்டுமே 36 தனி வடிவங்கள் வேண்டும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர்ந்தே 52தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை எழுத்துகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாய் ஒரே சாயலோடு இருக்கவும் வேண்டும்.

இந்த உழைப்பை மேற்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. மும்பையிலுள்ள ‘ஏக் டைப்’ என்னும் எழுத்துரு நிறுவனத்தார் ‘பாலூ’ என்னும் விளையாட்டு எழுத்துருக் குடும்பத்தை உருவாக்கினர். பருத்த உடலும் மழுங்கிய முனையும் கொண்டு, கரடிக்குட்டியைப் போல் தோன்றும் எழுத்து அது. இந்தியாவின் பல எழுத்துமுறைகளுக்கும் அதனை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லைப் பெயராகச் சேர்த்தனர். மலையாளத்திற்குப் ‘பாலூ சேட்டன்’. தெலுங்கிற்குப் ‘பாலூ தம்முடு’. கன்னடத்திற்குப் ‘பாலூ தம்ம’. தமிழுக்குப் ‘பாலூ தம்பி’. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் மெலிவும் தடிப்புமாக ஐந்து அளவுகள் அமைந்தன. அதனை எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வரைந்த ‘கவிவனார்’ என்னும் எழுத்துரு கையெழுத்தின் சாய்வையும் ஓட்டத்தையும் கொண்டது. அதுவும் அவ்வாறே கிடைக்கிறது.

இவ்வளவு கிடைத்தும் நம் கடைத்தெருவின் நிலை என்ன? பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்பது தமிழகத்தின் விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமைய வேண்டும் என்பர். விதி அளவைக் கூறலாம். அழகைக் கூற இயலாது. ஒரு குழந்தை உடைக் கடையின் பலகையைப் பாருங்கள். ஆங்கிலப் பெயர் பல வண்ணத்தில் துள்ளிக் குதிக்கும். அதன் அருகே தமிழ்ப் பெயர் கணினியில் முதலில் அகப்பட்ட எழுத்துருவில், இடத்திற்கேற்ப இழுத்து நீட்டப்பட்டு நிற்கும். இழுத்து நீட்டினால் படுக்கைக் கோடு ஒரு தடிப்பும், நிற்கும் கோடு வேறு தடிப்புமாகி எழுத்தின் உருவமே கெட்டுவிடும். சில பலகைகளில் ஒற்றைக் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து பின்னால் நிற்பதையும் காணலாம். தமிழ் எழுத்துகளைச் சேர்க்க அறியாத மென்பொருளில் செய்த வேலை அது.

இதனால் விளையும் தீங்கு பலகையோடு நிற்பதில்லை. நாள்தோறும் அப்பலகையைப் பார்க்கும் குழந்தையின் உள்ளத்தில், மகிழ்ச்சிக்கும் விளையாட்டுக்கும் உரிய எழுத்து ஆங்கிலம், அறிவிப்புக்கும் கட்டளைக்கும் உரிய எழுத்து தமிழ் என்னும் எண்ணம் எவரும் சொல்லாமலே பதிந்துவிடும். தாய்மொழியில் சிரிக்க முடியும் என்பதைக் குழந்தை கண்ணாலும் அறிய வேண்டாமா? விளையாட்டு எழுத்தைப் பற்றி நான் இவ்வளவு விரித்துப் பேசுவதன் காரணம் இதுவே.

ஆயினும், எதற்கும் இடம் பொருள் ஏவல் உண்டு. 1994இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கன்னேர் என்பவர் ‘காமிக் சான்ஸ்’ என்னும் எழுத்துருவை வரைந்தார். கணினித் திரையில் ஒரு சித்திர நாய் பேசும் வசனத்திற்காக எண்ணப்பட்டது அது. பின்னர் அது எங்கும் பரவியது. 2012 சூலை 4ஆம் நாள் செனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகளின் கண்டுபிடிப்பை அறிவித்தபோது, ஒரு குழுவின் காட்சிப் பக்கங்கள் அந்த எழுத்துருவில் இருந்தன. கண்டுபிடிப்பின் பெருமை அதனாற் சிறிதும் குறையவில்லை. ஆனால் உலகில் பலர் துகளைப் பற்றிப் பேசாமல் எழுத்தைப் பற்றிப் பேசினர். தலைப்பெழுத்து தன்னைக் கவனிக்கச் செய்யும் என்று முன்னர் கூறினேன் அல்லவா? கவனம் வேறிடத்தில் இருக்க வேண்டியபோது அந்தக் குணமே குற்றமாகிவிடுகிறது.

ஆகவே, பள்ளி ஆண்டு மலருக்கோ, கண்காட்சிக்கோ, சுவரிதழுக்கோ எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு நேரத்தில் படிப்பார்கள்? பருத்த எழுத்து பெரிதாக இருக்கும்போது அழகு. சிறிதாக்கினால் ‘ஞ’, ‘ணு’, ‘ழு’ போன்றவற்றின் கண்கள் அடைத்து மைத்துளியாகிவிடும். ஆகையால் அதில் ஒரு வரி எழுதலாம். ஒரு பக்கம் எழுதலாகாது. இரண்டாவது, எழுத்துக்கு எழுத்து வேறுபாடு காக்கப்பட்டுள்ளதா? எகரமும் ஏகாரமும், ரகரமும் துணைக்காலும், புள்ளியும் பூவும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றனவா? மூன்றாவது, சொல்லும் முகமும் பொருந்துகின்றனவா? குழந்தைப் பாட்டு நூலின் அட்டைக்கும், பலகாரப் பொட்டலத்திற்கும், பிறந்தநாள் அழைப்பிற்கும் விளையாட்டு எழுத்து பொருந்தும். மருந்துப் புட்டிக்கும், தேர்வுத் தாளுக்கும், இரங்கல் செய்திக்கும் பொருந்தாது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் கணினி அறிந்தவர் பலர். ஓவியம் அறிந்தவர் சிலர். உங்கள் ஊரில் தூரிகை பிடித்த முதியவர் எவரேனும் இருப்பின் அவரிடம் செல்லுங்கள். அவர் எழுதிய பலகைகள் வெயிலில் வெளுத்து உதிரும் முன்னர்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இல்லாத எழுத்துகளை, அவர் அருகிலிருந்து திருத்த, நீங்கள் வரையுங்கள். ‘ஞூ’ எழுத அவருக்கு வாய்ப்பு வரவில்லை. அந்த வாய்ப்பை நீங்கள் அவருக்குக் கொடுக்கலாம். அவர் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்து அந்த எழுத்துருவை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். பள்ளி மாணவர்கள் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளில் உங்கள் ஊரின் பெயரை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்: ரயில் நிலையத்திற்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று, பொம்மைக் கடைக்கு ஒன்று. எழுதியதைச் சுவரில் ஒட்டி, பத்து அடி பின்னால் சென்று நின்று படியுங்கள். திருத்த வேண்டியவை எவை என்று உங்கள் கண்ணே சொல்லும்.